பொதினி மலையும் ஃபியூஜி மலையும்: தமிழ்க் கவிஞர் கண்ட ஜப்பான்

நம் இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டங்களில் இப்பத்தாண்டுகளில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற கவிதை வடிவம் எதுவென்று வினவினால், மூத்தோரும் இளையோரும் ஒருமித்துத் தரும் விடை 'ஐக்கூ' என்பதாகவே இருக்கும். மூன்றடிக்குள் ஓர் உலகைக் காட்டிவிடும் அவ்வடிவம் இன்று நமக்கு அயலானதாகத் தோன்றுவதில்லை. பள்ளி ஆண்டு மலர்களிலும், பேருந்துப் பயணத்தில் எழுதிய சிறு குறிப்பேடுகளிலும், திருமண வாழ்த்து மடல்களிலும்கூட அது இடம்பெற்றுவிட்டது. எனினும் அது நம்மிடம் வந்த வழி யாது, யார் கைவழியாக வந்தது, அக்கை பின்னர் என்ன செய்தது என்னும் வினாக்களை நாம் பெரிதும் எழுப்பியதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டுப் பண்பாடு ஒன்றன்மீது ஒருவர் கொள்ளும் ஈடுபாடு இருவகைப்படும். அதனை உள்ளவாறு அறிய விழையும் அன்பு ஒன்று. அதனைத் தம் ஆற்றலுக்கு அணியாகப் பூண விழையும் மோகம் மற்றொன்று. முன்னது மனிதரைப் பணிவுடையவராக்கும், பின்னது செருக்குடையவராக்கும். இவ்விரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருத்தலின், வேறுபாடு காண்டல் எளிதன்று.

கோட்டை கட்டிய கொடியவன்

இவ்வேறுபாட்டை விளக்க, இலக்கியத்திற்குப் புறம்பான ஓர் எடுத்துக்காட்டைத் தருவதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் விடியோ விளையாட்டுகளுள் சண்டை விளையாட்டு என்பது ஒரு தனி வகை. ஜப்பானின் ஒசாகா நகரைச் சார்ந்த எஸ்.என்.கே. நிறுவனம் 1991ஆம் ஆண்டில் 'ஃபேட்டல் ஃப்யூரி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் இறுதிப் பகைவன் கீஸ் ஹோவர்ட் என்பான். அவன் ஓர் அமெரிக்கன். ஒரு நகரத்தையே தன் பிடிக்குள் வைத்திருக்கும் குற்றக் கூட்டத்தின் தலைவன். அவன் உடுத்துவதோ ஜப்பானிய வீரர்தம் மரபுடையான ஹகாமா. அவன் பயில்வதும் ஜப்பானியப் போர்க்கலை. வானளாவிய தன் கோபுர மாளிகையின் உச்சியையும் அந்நாட்டு மரபில் அவன் அமைத்துக்கொள்கிறான். கொலைக்கும் சூழ்ச்சிக்கும் அஞ்சாத அவன், ஜப்பானின் கலையையும் ஒழுங்கையும் உயிரினும் மேலாக மதிக்கிறான். முடிவில் அக்கோபுரத்திலிருந்தே வீழ்கிறான்.

இப்பாத்திரத்தைப் படைத்தோர் ஜப்பானியரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தம் பண்பாட்டின்மீது அளவிறந்த மோகங்கொண்ட அயலான் ஒருவனை அவர்கள் தலைவனாக்கவில்லை, கொடியவனாக்கினர். பண்பாட்டின் உடையை அணிந்துகொள்வதனால் மட்டும் பண்பு வந்துவிடாது என்னும் உண்மையை ஒரு விளையாட்டுப் பொருள்கூட அறிந்து வைத்திருக்கிறது. பூவைப் போற்றும் மனமும் பிறர் உயிரை மதியாத மனமும் ஒருவர் உள்ளத்திலேயே குடியிருத்தல் கூடும். இவ்வுண்மையைக் கற்பனையில் அன்றி வரலாற்றில் காண்பதற்கு நாம் பாரதியிடம் செல்ல வேண்டும்.

1905: கிழக்கில் எழுந்த ஞாயிறு

1904 பிப்ரவரியில் தொடங்கிய உருசிய-ஜப்பானியப் போர் 1905 செப்டம்பரில் ஜப்பானின் வெற்றியோடு முடிந்தது. 1905 மே மாதத்தில் சுஷிமா நீரிணையில் உருசியக் கடற்படை அழிந்த செய்தி ஆசியா முழுவதையும் உலுக்கியது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று நேர்நின்று வெல்ல முடியும் என்பதை அதுவரை எவரும் நம்பியிருந்திலர். அடிமைப்பட்டுக் கிடந்த இந்தியரின் செவியில் அச்செய்தி ஒரு முரசொலியாக வீழ்ந்தது. 1904 நவம்பரில் சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் நாளிதழில் பணியேற்ற இளைஞர் சுப்பிரமணிய பாரதி, தம் இதழியல் வாழ்வின் முதல் ஆண்டிலேயே இவ்வெற்றியைக் கண்டார். அவர் ஆசிரியப் பொறுப்பேற்ற 'இந்தியா' இதழிலும் ஜப்பானைப் பற்றிய எழுத்துகள் இடம்பெற்றன. நாட்டுப்பற்று, கைத்தொழில் வளர்ச்சி, பெண்கல்வி, தாய்மொழிவழிக் கல்வி ஆகியவற்றிற்கு அந்நாளில் இந்தியர் பலரும் எடுத்துக்காட்டாகச் சுட்டிய நாடு ஜப்பானே.

இவ்வீடுபாடு இயல்பானது, நேர்மையானதும் ஆகும். ஆயினும் அந்நாளைய ஆசியர் பலர் ஒன்றை நோக்கத் தவறினர். அப்போர் நிகழ்ந்தது கொரியாவின்மீதும் மஞ்சூரியாவின்மீதும் யாருக்கு ஆதிக்கம் என்பது பற்றியே. 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இணைத்துக்கொண்டது. நமக்கு விடுதலையின் ஞாயிறாகத் தோன்றியது, கொரிய மக்களுக்கு அடிமையிருளாக இருந்தது. ஒரே ஒளியை இருவேறு சாளரங்களிலிருந்து காண்பவர்க்கு அது இருவேறாகத் தோன்றும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1916: ஓராண்டில் இரு நிகழ்வுகள்

தமிழ் ஐக்கூவின் வரலாறு 1916ஆம் ஆண்டில் தொடங்குகிறது. புதுச்சேரியில் வாழ்ந்துவந்த பாரதி அவ்வாண்டு அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'மாடர்ன் ரிவியூ' இதழில் உயோநே நோகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞர் எழுதியதைப் படித்ததன் விளைவு அக்கட்டுரை. சொற்பெருக்கில் உழலும் கவிதையினும், வேண்டாத சொல் ஒன்றையும் ஏற்காத ஜப்பானியக் கவிதை எவ்வாறு உயர்கிறது என்பதே அதன் மையக் கருத்து. பாஷோ என்னும் பெருங்கவிஞரும் அவர்தம் சீடர் ஹொகூஷியும் தமிழ் வாசகர்க்கு அக்கட்டுரையால் அறிமுகமாயினர். ஹொகூஷியின் வீடு தீப்பற்றி எரிந்துபோனது; அதனை அவர் தம் ஆசானுக்குத் தெரிவித்தது ஒரு சிறு கவிதையால். இழப்பின் நடுவே மலர் உதிரும் அமைதியைக் கண்ட அவ்வுள்ளத்தைப் பாரதி தமிழில் தந்தார். தமிழில் ஐக்கூ முதன்முதலாகப் பேசியது ஒரு வீடு எரிந்த கதையையே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்; இக்கட்டுரையில் அவ்வீடு மீண்டும் வரும்.

அதே 1916இல் நிகழ்ந்த மற்றொன்று தாகூரின் ஜப்பான் பயணம். 1913இல் நோபல் பரிசு பெற்றிருந்த தாகூரை அந்நாடு பெருஞ்சிறப்புடன் வரவேற்றது. அந்நாட்டவர்தம் அழகுணர்வும் அடக்கமும் எளிமையும் தாகூரின் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆயினும் தோக்கியோவில் அவர் ஆற்றிய உரை முழுவதும் புகழுரையாக இல்லை. மேலைநாடுகளின் தேசிய வெறியையும் படைச்செருக்கையும் ஜப்பான் கைக்கொள்ளுதல் ஆகாது என அவர் எச்சரித்தார். வரவேற்பின் ஆரவாரம் அதன்பின் தணிந்துவிட்டது. தோற்றுப்போன நாட்டின் கவிஞர் அறிவுரை கூறுகிறார் என்று சிலர் எள்ளினர். அவ்வுரைகள் 1917இல் நூலாக வெளிவந்தன.

ஆக, ஒரே ஆண்டில் இந்தியாவின் இரு பெருங்கவிஞர்கள் ஜப்பானை நோக்கினர். பாரதி அதன் கவிதையைக் கண்டார். தாகூர் அதன் கவிதையோடு வாளையும் கண்டார். பாரதி குறைவாகக் கண்டார் என்பது இதன் பொருளன்று. அவர் கையில் இருந்தது ஓர் இதழ்க் கட்டுரை மட்டுமே. கிடைத்த ஒரு துளியிலிருந்து ஒரு மரபின் உயிர்நிலையைப் பற்றிக்கொண்ட அவர்தம் நுண்ணறிவு வியத்தற்குரியது.

நோகுச்சி என்னும் கவிஞரின் கதை

பாரதிக்கு ஐக்கூவை ஈந்த நோகுச்சி யார்? 1875இல் பிறந்த அவர் தம் இளமையில், 1893இல், அமெரிக்கா சென்றார். ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் புகழ் பெற்றார். 1904இல் தாய்நாடு திரும்பித் தோக்கியோவில் கெயோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கீழ்த்திசைக் கவிதையின் நுட்பத்தை மேற்றிசைக்கு எடுத்துரைத்த முன்னோடியருள் அவர் ஒருவர். தாகூருக்கு அவர் நண்பர். 1935-36இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து உரைகள் நிகழ்த்தினார், சாந்திநிகேதனத்திற்கும் சென்றார்.

1937இல் ஜப்பான் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நான்கிங் நகரில் நிகழ்ந்த படுகொலை உலகறிந்தது. 1938இல் நோகுச்சி தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசியக் கண்டத்தில் புதியதோர் உலகைப் படைப்பதற்குத் தவிர்க்கவியலாத வழி அப்போர் என்பது அவர் வாதம். பூ உதிரும் ஒலியற்ற ஒலியைக் கேட்கத் தெரிந்த அச்செவிக்கு நான்கிங்கின் அலறல் கேட்கவில்லை. தாகூர் விடையிறுத்தார். நண்பரின் கருத்துப்படி எழுப்பப்பெறும் ஆசியா மண்டையோடுகளாலான கோபுரத்தின்மீது நிற்பதாகும் எனும் கருத்துப்பட அவர் எழுதினார். தாம் நேசிக்கும் ஜப்பானிய மக்களுக்கு வெற்றியை அன்று, கழிவிரக்கத்தையே தாம் வேண்டுவதாக அவர் தம் மறுமொழியை முடித்தார். ஒரு பண்பாட்டை உண்மையாக நேசிப்பவரே இத்தகைய வாழ்த்தைக் கூறவியலும்.

1945 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் தோக்கியோவின்மீது பொழிந்த குண்டுகளில் நோகுச்சியின் வீடு அழிந்தது. 1947இல் அவர் மறைந்தார். 1916இல் ஹொகூஷியின் எரிந்த வீட்டைத் தமிழரின் கண்முன் நிறுத்திய கட்டுரைக்கு ஊற்றாக இருந்தவரின் வீடே இறுதியில் போர்த்தீக்கு இரையாயிற்று. முன்னது எதிர்பாராத தீ. பின்னது அவரே போற்றிய போர் மூட்டிய தீ. இதனைப் பழியுரையாகக் கூறவில்லை. கவிஞராயிருத்தல் ஒன்றே ஒருவரைக் கொடுமையினின்று காத்துவிடாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை.

சயாமின் காடுகளில் தமிழர்

ஜப்பானின் வாளைத் தமிழர் நூல்வழியாக மட்டும் அறிந்திலர், உடல்வழியாகவும் அறிந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 'ஆசியா ஆசியருக்கே' என்பது வந்தவர்களின் முழக்கம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கங்காணிகளால் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களே அவர்தம் தாயகம். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை பழனியும் மதுரை மாவட்டத்தைச் சார்ந்ததே என்பதனால், நம் சமவெளி மக்களுக்கும் இவ்வரலாற்றில் உறவுண்டு.

அத்தமிழருள் ஒரு சாரார்க்கு அக்காலம் எழுச்சியின் காலம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21 அன்று தற்காலிக விடுதலை அரசை அறிவித்தார். தோட்டத் தொழிலாளர்களாக இழிவுற்றிருந்த இளைஞர்கள் படைவீரர்களாக நிமிர்ந்தனர். சென்னையைச் சார்ந்த மருத்துவர் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணி படையில் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். இந்நிமிர்வை எவரும் மறுத்தற்கில்லை.

மற்றொரு சாரார்க்கு அதுவே சாவின் காலம். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. மலையும் காடும் மழையும் நிறைந்த அவ்வழியில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், சற்றொப்ப 2 இலட்சம் ஆசியத் தொழிலாளரும் வேலை வாங்கப்பட்டனர். கைதிகளுள் மாண்டோர் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகை 90,000 அளவினதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவை அவர்களைக் கொன்றன. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் கைதிகளின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை எழுதிவைத்த ஏடுகள்கூட அரிதாயின. நடுகல் நட்ட மரபினராகிய நம் மக்கள் பெயரில்லாப் புதைகுழிகளில் கிடத்தப்பட்டனர்.

'ஆசியா ஆசியருக்கே' என்னும் முழக்கத்தின் பொருள் அக்காட்டில் வெளிப்பட்டது. தேநீர் அருந்துதலையும் ஒரு வழிபாடாக்கிய பண்பாட்டின் பெயரால் வந்தவர்கள், ஒரு குவளைக் கஞ்சியையும் அளந்தே ஊற்றினர்.

கவிதை இவ்வரலாற்றைப் பெரிதும் பேசவில்லை; நாவல் பேசியது. சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவில் பொருள்தேடச் சென்ற ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரு நாவல்களில் ஜப்பானிய ஆட்சிக்காலத்தைப் பதிவு செய்தார். பின்னது 1972இல் நூலாயிற்று. மெடான் நகரினுள் ஜப்பானியப் படை நுழைவதனை அந்நாவலின் தொடக்கத்திலேயே காண்கிறோம். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எனும் நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எனும் நாவலையும் படைத்தனர். ஐக்கூ எழுதும் நம் இளங்கவிஞர்கள் இந்நூல்களையும் தம் மேசைமீது வைத்துக்கொள்ளுதல் நன்று.

ஆண்டுதோறும் தைப்பூசத் திருநாளில் மலேசியாவின் பத்துமலையிலும் பினாங்கிலும் காவடிகள் எழுகின்றன. அவ்வழிபாட்டின் வேர் நம் பழனிமலையில் உள்ளது. அந்நாட்டுத் தமிழர் பழனிக்கும் வந்து வழிபட்டுச் செல்கின்றனர். அடிவாரத்தில் நாம் எதிர்கொள்ளும் அவர்களுள் எவரேனும் ஒருவரின் பாட்டனார் சயாமுக்குச் சென்று திரும்பாதவராக இருத்தல் கூடும். இதனை நினைந்தால் இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளதன்று.

மூன்றடியின் மறுவருகை

போருக்குப் பின்னர் ஜப்பான் வாளை உறையிலிட்டது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் பெருந்துயரினூடே அந்நாடு உலகின் இரக்கத்தையும் பின்னர் மதிப்பையும் பெற்றது. தமிழ்க் கவிஞர்கள் பாரதி விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினர். அப்துல் ரகுமானின் 'பால்வீதி' 1974இல் வெளிவந்து குறுங்கவிதைக்கு வழி திறந்தது. 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய தொகுப்புகளும், 1985இல் ஈரோடு தமிழன்பனின் 'சூரியப் பிறைக'ளும் வெளிவந்தன. தமிழன்பன் அங்கதச் சுவை மிக்க சென்ரியு வடிவத்தையும் தமிழுக்குக் கொணர்ந்தார். ஐக்கூவையும் ஆங்கில லிமரிக்கையும் இணைத்து லிமரைக்கூ எனும் புதுவடிவம் கண்டார். எழுத்தாளர் சுஜாதா ஐக்கூவின் இலக்கணத்தை எளிய நடையில் விளக்கினார்.

ஐக்கூவின் இலக்கணம் வெறும் மூன்றடி அன்று. ஜப்பானிய மொழியில் அது 5-7-5 எனும் அசையளவில் அமைவது. பருவத்தைச் சுட்டும் ஒரு சொல் அதில் இடம்பெறும். அதனைக் 'கிகோ' என்பர். ஓட்டத்தை வெட்டி நிறுத்தும் சொல்லும் ஒன்றுண்டு. அதனைக் 'கிரெஜி' என்பர். இவற்றுள் அசையளவைத் தமிழ்க் கவிஞர் விட்டுவிட்டனர். மொழியமைப்பு வேறாதலின் அது தக்கதே. ஆனால் பருவச் சொல்லையும் விட்டுவிட்டோம். அதனை விட்டிருக்க வேண்டுவதில்லை என்பது என் கருத்து.

ஏனெனில் பருவத்தைக் கவிதையின் உயிராகக் கொள்ளும் மரபு நமக்குப் புதிதன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதை ஆறாக வகுத்து, அவற்றை நிலத்தோடும் உணர்வோடும் இயைத்துக் காட்டியது தொல்காப்பியம். ஒரு பூவின் பெயரைச் சொன்ன அளவிலேயே நிலமும் பொழுதும் பிரிவும் கூடலும் உள்ளத்தில் விரியுமாறு பாடினர் சங்கப் புலவர். சொல்லாமல் சொல்லும் நெறிக்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் அவர்கள் பெயரிட்டனர். மூன்றடிச் சிற்றெல்லை கொண்ட ஐங்குறுநூறு நம் கைவசம் உள்ளது. இதனால் ஐக்கூ தமிழிலிருந்து சென்றது என்று கூறுவதற்கில்லை. அவ்வாறு கூறுதல் ஆய்வு ஆகாது. ஆனால் நம் நிலத்தில் ஏற்கெனவே உழவு நடந்திருந்தமையால்தான் அவ்விதை இத்துணை விரைந்து முளைத்தது எனக் கொள்ளலாம்.

மோகத்தின் நம் பக்கம்

பிறர் மோகத்தைப் பேசும் நாம் நம் மோகத்தையும் ஆராய்தல் வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற இளவரசர் போதிதருமரே சீனத்திற்குத் தியானநெறியையும் போர்க்கலையையும் ஈந்தார் என்று மேடைதோறும் கேட்கிறோம். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் இச்செய்தியைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது. ஜப்பானியர் அவரைத் 'தருமா' எனப் போற்றி, விழுந்தாலும் எழும் பொம்மையாக அவர் உருவைச் செய்து வைத்துள்ளனர். ஆனால் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. போர்க்கலையோடு அவரை இணைக்கும் நூலோ, அவருக்கு ஓராயிரம் ஆண்டுகட்குப் பின்னர், பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. நம் பழனிமலையில் கோயில் கொண்டுள்ள போகரும் சீனத்தோடு தொடர்புடையவர் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. நம்பிக்கையை நம்பிக்கையாகவும் சான்றைச் சான்றாகவும் வைத்துக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை.

ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோவின் ஆய்வும் இவ்விடத்து நினைத்தற்குரியது. 1919இல் பிறந்து 2008இல் மறைந்த அவர், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்னும் கொள்கையை நிறுவுவதற்குத் தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டார். தமிழகத்தில் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவருக்குத் துணைநின்றனர். சொற்களின் ஒப்புமையோடு பொங்கல் விழாவுக்கும் ஜப்பானியர்தம் புத்தாண்டுச் சடங்குக்கும் உள்ள ஒப்புமைகளையும் அவர் தொகுத்தார். மொழியியலாளருள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. முறையான ஒலிமாற்ற விதிகள் போதிய அளவில் நிறுவப்படவில்லை என்பது அவர்கள் தடை. நாமோ அத்தடைகளைப் படிக்காமலேயே அம்முடிவை மேடையில் முழங்கினோம். அவருடைய உழைப்புக்கு நாம் செலுத்தியிருக்க வேண்டிய மரியாதை கைதட்டல் அன்று. அவரோடு சேர்ந்து சொற்களை ஆராய்வதே.

இதற்கு மறுதலையாக நிற்பவர் நொபொரு கராஷிமா. 1933இல் பிறந்த அவர் சோழர் கல்வெட்டுகளைப் பல்லாண்டு பயின்றார். எ. சுப்பராயலுவோடும் மட்சுயியோடும் இணைந்து அக்கல்வெட்டுகளிலுள்ள ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். யார் நிலம் வைத்திருந்தார், யார் வரி செலுத்தினார் என்பதனை எண்ணிக் கணக்கிட்டு, சோழநாட்டுச் சமுதாய மாற்றத்தை விளக்கினார். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2015இல் மறைந்தார். தகனோபு தகஹாஷி சங்க அகப்பாடல்களின் இலக்கணத்தை ஆராய்ந்து 1995இல் நூல் வெளியிட்டதோடு, திருக்குறளை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். இவர்கள் தமிழ் உடை உடுத்தி நம்மை மகிழ்விக்கவில்லை. தமிழைத் தமிழாகவே கற்றனர். நம் பெருமைக்கு உகந்ததையும் உகவாததையும் ஒரே குரலில் கூறினர். இதுவே அறிவின்வழி வந்த அன்பு.

1998இல் தோக்கியோவின் திரையரங்கில் ரஜினிகாந்தின் 'முத்து' திரைப்படம் பல வாரங்கள் ஓடியதும், ஜப்பானிய இளையோர் தமிழ்ப் பாடலுக்கு ஆடியதும் நாம் அறிந்தனவே. அது மோகந்தான்; ஆயினும் தீங்கற்ற மோகம். மோகம் எல்லாம் தீயதன்று. அது அறிவாகக் கனியாமல், ஆற்றலின் கைப்பொருளாகிவிடும்போதே தீயதாகிறது.

பேகனும் புலவரும்

இனி நம் ஊருக்கு வருவோம். பழனியின் பழம்பெயர் பொதினி. அகநானூறு அம்மலையைப் பாடுகிறது. ஆவியர் குடியினர் ஆண்ட நிலம் இது. ஆவினன்குடி எனும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. அக்குடியிற் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மழைக்குளிரில் மயில் நடுங்குமோ என எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். ஒரு பறவையின் துயருக்கு இரங்கிய அவ்வுள்ளம் ஐக்கூக் கவிஞர்தம் உள்ளத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அப்பேகனே தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். மயிலின் குளிரை உணர்ந்தவன் மனையாளின் கண்ணீரை உணரவில்லை. அழகின்மீது அன்பும் அருகிலிருப்பவரிடம் கொடுமையும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. அப்போது புலவர்கள் என்ன செய்தனர்? கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் தனித்தனியே அவனை நோக்கிப் பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவை. அவன் வள்ளன்மையை அவர்கள் மறைக்கவில்லை. அவன் குறையையும் மறைக்கவில்லை. தாம் பசித்து வந்தவர்கள் அல்லர் என்றும், தமக்கு வேண்டிய பரிசில் அவன் இன்றே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே என்றும் பொருள்படப் பரணர் கூறினார். பரிசில் பெற்று வாழ்ந்த புலவர் பரிசிலை மறுத்துவிட்டு அறத்தைக் கேட்டனர்.

1938இல் தாகூர் நோகுச்சிக்கு எழுதிய விடை, இப்பொதினி மலையடியில் பரணர் பேகனுக்குக் கூறிய சொல்லின் வழித்தோன்றலே என்று எனக்குத் தோன்றுகிறது. நேசிப்பவரிடமே கடிந்துரைக்கும் உரிமை உண்டு. கடிந்துரைக்க அஞ்சுபவரின் நேசம் முழுமையானதன்று.

இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஐக்கூ எழுதுங்கள். பாஷோவைப் படியுங்கள். அவரோடு நான்கிங்கையும் சயாமையும் படியுங்கள். உங்கள் மூன்றடிகளில் செர்ரிப்பூ உதிர வேண்டுவதில்லை. சண்முகநதியின் வறண்ட மணலும், பங்குனி வெயிலில் பாதயாத்திரை வருவோரின் கொப்புளம் கண்ட பாதங்களும், பஞ்சாமிர்தப் பானையைச் சுற்றும் ஈக்களும் நம் பருவச் சொற்களாகட்டும். பூவைக் காணும் கண், அப்பூ மலர்ந்த தோட்டத்தில் உழைத்தவரையும் காணட்டும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் வெளியிடும் தொகுப்பு ஒன்றில் பெயரில்லாமல் சயாமில் மாண்ட ஒரு தமிழனுக்கேனும் மூன்றடி நடுகல் ஒன்று எழுமாயின், 1916இல் பாரதி தமிழில் ஊன்றிய விதை நம் மண்ணில் பழுத்துவிட்டது என்று கொள்ளலாம்.